வெறுந்தறி ஓடிய மதியங்கள்

எண்ணெயும் பஞ்சுத் தூசியும் கலந்த வாசனை எங்கள் வீட்டில் எப்போதும் இருக்கும். அந்த வாசனை அப்படியே இருக்க, தறிச் சத்தம் மட்டும் இல்லாமல் விடிந்த முதல் காலையில் எனக்குக் காது அடைத்துவிட்டது என்றே நினைத்தேன். சோமனூர்ப் பக்கம் விசைத்தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் தொட்டிலில் தூங்கிப் பழகுவதே "டக்கடக்க" சத்தத்தில்தான். கொரோனா ஊரடங்கில் தறியெல்லாம் ஒரே நாளில் நின்றபோது, எங்கள் தெருவுக்கே தூக்கம் போனது.

அதைவிடப் பெரிய கூத்து எங்கள் பேச்சு. காலமெல்லாம் தறிக்குப் பக்கத்தில் நின்று கத்திப் பழகிய குடும்பத்துக்கு மெல்லப் பேசத் தெரியாது. அப்பா சமையலறையில் அம்மாவிடம் "ரகசியமாக", "நூல்காரர் போனே எடுக்கறதில்ல" என்றால், எதிர்வீட்டு மாமா அங்கிருந்தே "நமக்கும் அதே கதைதானுங்க" என்பார். ஓடாத தறிகளுக்கு நடுவே பாய் விரித்துத் தாயம் ஆடினோம். பகலில் அப்பாவோடு உட்கார்ந்து அரிசிம்பருப்புச் சாதம் சாப்பிட்டதே அந்தக் கோடையில்தான்.

இத்தனைக்கும் நடுவில் நான் உள்ளுக்குள் ஒடிந்துகொண்டிருந்தேன். எனக்கு அப்போது பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு. நடக்கும் என்றார்கள், தள்ளிவைத்தார்கள், மறுபடி தேதி சொன்னார்கள். புத்தகத்தைத் திறந்தாலே நெஞ்சு படபடக்கும், கை சில்லிட்டுப் போகும், சோறு இறங்காது. ஒருமுறை குளியலறையில் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுவிட்டுக் கதவைத் திறந்தால், வீடே வெளியில் நின்றது. "புள்ளைக்கு என்னங்க ஆச்சு?" என்று எதிர்வீட்டு மாமாவும் குரல் கொடுத்தார். அவமானமாக இருந்தது. அன்றோடு அழுவதை நிறுத்தினேன். கொஞ்ச நாளில் பேச்சும் நின்றுபோனது. "எல்லாஞ் சரியாப் போயிரும் கண்ணு" என்று அம்மா திருநீறு பூசிவிட்டாள். அப்பா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஒரு மதியம் அப்பா, அம்மாவையும் என்னையும் தறிக்கூடத்துக்குக் கூப்பிட்டு, பாவுநூல் தீர்ந்து மொட்டையாக நின்ற கடைசித் தறியின் சுவிட்சைப் போட்டார். வெறுந்தறி ஓட்டினால் சாமான் கெட்டுவிடும் என்று யாரையும் தொடவிடாத மனிதர் அவர். தறி கூடமே அதிர ஓடியது. என் காதருகில் குனிந்து, "அழுவோணும்னா அழுதுக்கோ சாமி, ஒருத்தருக்கும் கேக்காது" என்றவர், தெருவாசலில் போய் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

ஓவென்று அழுதேன். "பயமா இருக்குதும்மா, எதுக்குன்னே தெரியல" என்று நான் சொன்னது எனக்கே கேட்கவில்லை. அம்மா தறிக்காரி அல்லவா, உதட்டசைவிலேயே சொல்லைப் பிடித்துவிட்டாள். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, மேலே சொல்லு, சொல்லு என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

"ஏனுங்க, தறி ஓடுதுங்களா? போலீஸ் வந்துருமுங்க!" என்று எதிர்வீட்டு மாமா பதறினாராம். "சும்மா எண்ணெ உட்டுப் பாக்கறனுங்க" என்றாராம் அப்பா. அந்தக் கோடையில் அந்தத் தறிக்கு அடிக்கடி எண்ணெய் விட வேண்டியிருந்தது. பஸ் ஓடத் தொடங்கியதும் கோயம்புத்தூரில் ஒரு மனநல மருத்துவரிடமும் கூட்டிப்போனார்கள். சொந்தக்காரர்கள் ஏதேதோ கேட்டபோது, "தறி நின்னா மெக்கானிக்கக் கூப்பிடறமல்லங்க?" என்று அப்பா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். தேர்வு கடைசியில் நடக்கவே இல்லை. எல்லோரும் பாஸ். இன்றும் எங்களைக் "கொரோனா பாஸ்" என்று கேலி செய்கிறார்கள்; செய்துவிட்டுப் போகட்டும்.

இப்போது கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறேன். அந்தத் தறியை விற்றாயிற்று; மற்றவை ஓடுகின்றன. தறிகளுக்கு நடுவே பாய் விரிக்க யாருக்கும் நேரமில்லை. பகல் முழுக்க எல்லோரும் ஒரே வீட்டில் கிடந்த அந்தக் கோடை, அத்தனை பயத்தோடும், எனக்கு இன்னொரு முறை வேண்டும்போல் இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை, தறிக்கு விடுமுறையில் ஊரே அமைதியாக இருந்த நேரத்தில் வீட்டுக்குள் நுழைந்தேன். என் முகத்தைப் பார்த்ததும் அப்பா எழுந்துவிட்டார்.

"தறியப் போடட்டுமா கண்ணு?"

"வேண்டாங்கப்பா," என்றேன். "உக்காருங்க, இப்படியே சொல்றேன்."