அரைமணி நேரம் பின்னுக்கு

வீரகத்தியின் வான் வண்டியில் ஏற்றிய சாமான் எதுவும் உடைந்ததில்லை. ஓடு ஏற்றியிருக்கிறான், முட்டை ஏற்றியிருக்கிறான், ஒருமுறை நிறைமாதப் பிள்ளைத்தாய்ச்சியையும் ஏற்றியிருக்கிறான். அப்படிப்பட்டவனைக் கிளிநொச்சிக் கடைத்தெருவில் நாலு பேருக்கு முன்னால் நிறுத்தி, "உன்ரை வானிலை ஆட்டி ஆட்டித்தான் என்ரை கொம்பியூட்டர் பழுதாப்போச்சு" என்று சொன்னவர் சிற்றம்பலத்தார். பிழை எங்கே என்று தெரிந்த பிறகும் மனுசன் அந்தச் சொல்லைத் திருப்பி எடுக்கவில்லை. அது இன்றைக்கும் வீரகத்தியின் தொண்டையில் மீன்முள்ளாகக் கிடக்கிறது.

சிற்றம்பலத்தார் யாழ்ப்பாணத்தை விட்டு வந்து ஸ்கந்தபுரத்தில் வயல் செய்தவர். மனைவி இரஞ்சிதம் அங்கேயே காய்ச்சலில் போய்விட்டா. ஒரே மகன் சுஜிதன் நோர்வேயில். இரண்டாயிரத்து இரண்டில் சமாதானம் வந்து பாதை திறந்ததும் வயலைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டு, கிளிநொச்சியில் வெளிநாட்டோடு கதைக்கிற ஒரு கொம்யூனிகேசன் கடை போட்டு, அதன் பின்னறையிலேயே சமைத்துச் சாப்பிட்டுப் படுத்தார். சனம் வரும். வெளிநாட்டுப் பிள்ளைகளோடு கதைக்கும், சிரிக்கும், மூக்கைச் சிந்தும், போகும். அவர் கதிரையில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பார். அவருடைய மகன் ஞாயிறு பின்னேரம் ஏழு மணிக்குக் கணினியில் வருவான். அதுவும் எல்லா ஞாயிறும் இல்லை.

அந்தக் கணினிக்குள் ஒரு வைரஸ் புகுந்தது. இணையத்தில் போட்டவுடன் கணினி தானாகவே செக்கன் எண்ணிக்கொண்டு வந்து அணைந்துவிடும். வவுனியாவில் திருத்துகிற கடை வைத்திருந்த மஹ்றூப்பிடம், அதே ஊரிலிருந்து வான் ஓடுகிற வீரகத்திதான் கொண்டுபோனான். மஹ்றூப் முல்லைத்தீவில் பிறந்து புத்தளத்தில் அகதியாய் வளர்ந்தவன். எல்லாவற்றையும் துடைத்துப் புதிதாய் ஏற்றி, பயர்வோல் என்று ஒன்றையும் போட்டான். அது என்ன சாமான் என்று கேட்டதற்கு, ஓமந்தையில் நிற்கிற சோதனைச்சாவடி மாதிரி, போகிறது வருகிறதை மறித்துப் பார்க்கும் என்றான்.

"அப்ப சோத்துப் பார்சலையும் குத்திப் பாக்குமோ?" என்று கேட்டான் வீரகத்தி.

வவுனியாவில் நாள் முழுக்க ஓடிய கணினி, கிளிநொச்சியில் இறக்கியதும் அடம்பிடித்தது. பயர்வோல் எழும்பவேயில்லை. அது எழும்பாமல் இணையத்தில் போட்டால் பழைய வைரஸ் திரும்ப வரும். திரும்பக் கொண்டுபோனான். மஹ்றூப் கழற்றிவிட்டுத் திரும்பப் போட்டான். அங்கே எழும்பியது, இங்கே படுத்தது. அந்த இரண்டாம் முறைதான் சிற்றம்பலத்தார் வானைப் பழிசொன்னார். நடுவில் போன ஞாயிறுகளில் மகன் வந்தானோ, பார்த்துவிட்டுப் போனானோ, அவருக்குத் தெரியாது.

மூன்றாம் முறை வீரகத்தி கணினியைத் தலையணை வைத்துக் கட்டிக்கொண்டு வந்து இறக்கினான். இறக்கிவிட்டுப் போகவில்லை. கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றான். கணினி எழும்பியது. மூலையில் பயர்வோலின் பச்சை அடையாளம் தெரிந்தது. சிற்றம்பலத்தார் கண்ணாடியை மாட்டினார். ஸ்கந்தபுரத்திலிருந்து கொண்டுவந்து சுவரில் கொழுவிய இரஞ்சிதத்தின் மணிக்கூட்டை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கணினியின் நேரத்தை அரைமணி பின்னுக்கு இழுத்துவிட்டு, அணைத்துத் திரும்பப் போட்டார். பச்சை சிவப்பாகிவிட்டது.

வீரகத்தி தன் கைமணிக்கூட்டைப் பார்த்தான். அந்த நாளில் அரசாங்கத்தின் கையிலிருந்த வவுனியாவில் கொழும்பின் புது நேரம், இயக்கத்தின் கையிலிருந்த கிளிநொச்சிப் பக்கத்து வன்னியில் பழைய நேரம். இரண்டுக்கும் அரைமணி இடைவெளி. ஓமந்தை தாண்டும்போதெல்லாம் கைமணிக்கூட்டைத் திருப்புவது அவனுக்கே பழகிப்போன வேலை. அங்கிருந்தே மஹ்றூப்புக்குப் போன் எடுத்துச் சொன்னான். மஹ்றூப் சிரித்தான். பயர்வோல் வருசா வருசம் காசு கட்டுகிற சாமானாம். நேரத்தைப் பின்னுக்கு இழுத்தால், வருசத்தை நீட்டிக் களவெடுக்கிறார்கள் என்று நினைத்துப் படுத்துவிடுமாம். படுத்தால் கழற்றித்தான் போட வேண்டுமாம்.

"இது என்ரை இடம். இஞ்சை கொழும்பு நேரம் ஓடாது" என்றார் சிற்றம்பலத்தார்.

"அண்ணை, உங்களுக்கு மகன் வரோணுமோ, மணிக்கூடு சரியா இருக்கோணுமோ?"

அவர் எழும்பிப் போய் மணிக்கூட்டுக்குச் சாவி கொடுத்தார். ஆனால் நாலாம் முறை கணினி வந்து இறங்கியபோது நேரத்தில் கைவைக்கவில்லை. புண்ணுக்கு ஒட்டுகிற பிளாஸ்டர் ஒன்றை வெட்டி, நேரம் தெரிகிற மூலைக்கு மேல் ஒட்டிவிட்டார்.

அந்த ஞாயிறு சுஜிதன் வந்தான். வீரகத்தியும் நின்றான். சாப்பிட்டீர்களா என்று மகன் கேட்டான், ஓம் என்றார். மழையோ என்று கேட்டான், இல்லை என்றார். அங்கே யாரோ கூப்பிட, பிறகு வாறன் என்று மகன் போய்விட்டான். சிற்றம்பலத்தார் காதில் மாட்டியதைக் கழற்றவில்லை. வீரகத்தி வானை எடுக்கும்போதும் அப்படியே இருந்தார்.

இரண்டாயிரத்து ஆறு சித்திரையில் கொழும்பும் பழைய நேரத்துக்குத் திரும்பியது. கொழும்பு தன் வழிக்கு வந்துவிட்டது என்று அவர் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். கணினி மட்டும் பிளாஸ்டருக்குக் கீழே அரைமணி முந்தி ஓடிக்கொண்டிருந்தது. சில மாதம் பொறுத்தார். ஆடியில் கை சும்மா இருக்கவில்லை. பிளாஸ்டரை உரித்து நேரத்தைச் சரியாக்கினார். பயர்வோல் திரும்பப் படுத்தது.

வீரகத்தி அதை ஏற்றிக்கொண்டு வந்து மஹ்றூப்பிடம் கொடுத்தான். மஹ்றூப் திருத்தி வைத்தான். அதற்குள் சண்டை தொடங்கி ஓமந்தைப் பாதை பூட்டுப்பட்டது. கணினி வவுனியாவில் நின்றுவிட்டது. இரண்டாயிரத்து ஒன்பதில் சண்டை முடிந்து சனத்தைச் செட்டிகுளம் முகாம்களுக்குக் கொண்டுவந்தபோது, வீரகத்தி முள்ளுக்கம்பியோரம் நடந்து நடந்து சிற்றம்பலத்தாரை விசாரித்தான். ஸ்கந்தபுரத்து ஆட்கள் தர்மபுரத்தில் கண்டோம் என்றார்கள். அதற்குப் பிறகு கண்டதாக ஒருவரும் சொல்லவில்லை. கணினி இப்போது வீரகத்தியின் வீட்டில், உடுத்துக் கழித்த சாரத்தால் மூடிக்கிடக்கிறது.

அந்த ஆடியில், கடைசியாக வானில் ஏற்றிய அன்றைக்கு அவர் தானே தலையணை வைத்து அதைக் கட்டினார். முடிச்சை இழுத்துப் பார்த்தார். வான் உறுமியதும் யன்னலுக்குள் கையை விட்டு வீரகத்தியின் தோளைப் பிடித்தார்.

"குழியளைப் பாத்து மெல்ல விடு, வீரகத்தி. ஆட்டிப்போடாதை."