மாமனாருக்கும் மருமகளுக்கும் நடுவே ஒரு டிக்ரி

1. ஒரே விலாசம்

திருப்பனந்தாள் பக்கத்துக் கிராமம் அது. நான் முன்சீப் கோர்ட்டில் அமீனா. சம்மன் கொடுப்பது, ஜப்தி செய்வது, ஜெயித்தவருக்கு நிலத்தைப் பிடித்துக் கொடுப்பது எல்லாம் என் வேலை. அன்று ஒரு அப்பீல் நோட்டீஸோடு போயிருந்தேன். கூடத்தில் வைத்தியலிங்கம் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"யாருக்கு நோட்டீஸ்?"

"மலர்க்கொடிங்கிறவங்களுக்குங்க."

"என் மருமகதான். யாரு அனுப்பிச்சது?"

காகிதத்தைத் திருப்பிப் பார்த்தேன். "நீங்கதாங்க."

"ஆமா, நான்தான். மலரு! உனக்கு நோட்டீஸ் வந்திருக்கு, வந்து வாங்கிக்க!"

அடுப்படியிலிருந்து கையைத் துடைத்தபடி ஒரு பெண் வந்தாள். கையெழுத்துப் போட்டாள். "மாமா, தோசைக்குச் சட்னியா, பொடியா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

மோர் கொண்டுவந்தாள். நான் குடிக்கவில்லை. வாதி வீட்டில் குடித்தால் பிரதிவாதி மனு போடுவார் என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். இரண்டு பேருடைய வீடும் ஒன்றாக இருந்தால் என்ன செய்வது என்று யாரும் சொல்லித்தரவில்லை.

2. லண்டன் தவறிப்போனது

வழக்கு மூன்று மா நிலத்துக்கு. ஒரு ஏக்கர்தான். வெள்ளைக்காரன் காலத்தில் வைத்தியலிங்கத்தின் தாத்தா முதல் தாவாவைப் போட்டார். அப்போது கடைசி அப்பீல் லண்டனில், பிரிவி கவுன்சிலில். "லண்டன் வரைக்கும் போவேன்" என்று ஊரறியச் சொல்லியிருந்தாராம். மூன்று மா நிலத்துக்கெல்லாம் லண்டன் அப்பீல் கிடைக்காது என்று எந்த வக்கீலும் அவரிடம் சொல்லவில்லை.

வழக்கு ஹைகோர்ட்டில் இருக்கும்போதே சுதந்திரம் வந்துவிட்டது. லண்டனுக்கு அப்பீல் போவது நின்றது. கொஞ்ச நாள் டெல்லியில் ஃபெடரல் கோர்ட், குடியரசு ஆனதும் சுப்ரீம் கோர்ட். ஊரே கொடியேற்றி மிட்டாய் கொடுத்த நாளில் தாத்தா மட்டும் யாருக்கும் முகம் கொடுக்கவில்லையாம். ஹைகோர்ட்டிலேயே அவர் தோற்றார். அவருடைய மகன் வேறு காரணம் காட்டி வேறு தாவா போட்டார். அதுதான் பேரன் வைத்தியலிங்கத்தின் கைக்கு வந்தது.

எதிர்க்கட்சி ராமையன், நிலம் அவர் அனுபவத்தில் இருந்தது. வாய்தா கேட்பதில் இருவரும் சளைத்தவர்கள் இல்லை. இவருக்குக் காய்ச்சல் என்றால் அவருக்கு அறுவடை. அப்பாக்களுக்குத் துணையாகக் கோர்ட்டுக்கு வந்த வைத்தியலிங்கத்தின் சின்ன மகன் செந்திலும் ராமையனின் ஒரே மகள் மலர்க்கொடியும் எங்கள் வராந்தாவில்தான் பேசிப் பழகினார்கள். இரண்டு வீட்டிலும் ரகளை நடந்து, அப்புறம் கல்யாணமும் நடந்தது. வழக்கை வாபஸ் வாங்கலாமே என்று யாரோ சொன்னதற்குச் சம்பந்திகள் இருவரும் ஒரே குரலில், "அது வேற, இது வேற" என்றார்களாம். அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

ராமையன் இறந்தார். சட்டப்படி மகள் வழக்கில் அவர் இடத்துக்கு வந்தாள். செந்தில் துபாயில். வீட்டில் வாதியும் பிரதிவாதியும் மட்டும்.

3. டெல்லி வீட்டுக்கு வந்தது

நான் நோட்டீஸ் கொடுத்த அப்பீலில் வைத்தியலிங்கம் ஜெயிக்க, மலர்க்கொடி மேல் அப்பீல் போட்டுச் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போனாள். அங்கே கடைசி விசாரணை வீடியோவில் நடந்தது. வக்கீல்கள் ஆளுக்கொரு லிங்க் அனுப்பினார்கள். கூடத்தில் ஒரு போன், அடுப்படியில் ஒரு போன். நடந்ததைப் பிறகு மலர்க்கொடிதான் சொன்னாள்.

"எல்லாம் இங்கிலீஷு சார். கடைசியில 'டிஸ்மிஸ்ட்'னு காதுல விழுந்துச்சு. யாரோடது டிஸ்மிஸ்ஸுன்னு புரியல. மாமா எழுந்து வந்து, 'உனக்கு ஏதாவது புரிஞ்சுதா?'ன்னாரு. ரெண்டு பேரும் ஒரே பெஞ்சுல உக்காந்து வக்கீல் போனுக்காகக் காத்துக் கிடந்தோம்."

டிஸ்மிஸ் ஆனது அவளுடைய அப்பீல்.

4. தமுக்கு

தீர்ப்பின் டிக்ரிப்படி நிலத்தை வைத்தியலிங்கத்திடம் ஒப்படைக்கும் வாரண்ட் என் கைக்கு வந்தது. வி.ஏ.ஓ., சர்வேயர், தமுக்கு அடிப்பவர் சகிதம் போனேன். சம்பா கதிர் பால் பிடித்து நின்றது. வைத்தியலிங்கம் சரிகை வேட்டியில் வந்திருந்தார். சென்னையில் இருக்கும் மூத்த மகனும் வந்திருந்தார், பிளாட் போடுகிற ஒருவரையும் அழைத்துக்கொண்டு. மலர்க்கொடி வரப்பில் கையைக் கட்டி நின்றாள். தமுக்கு அடித்தபோது அசையவில்லை. வாரண்டை நான் உரக்கப் படித்து, "இறந்துபோன ராமையனின் வாரிசு" என்ற இடத்துக்கு வந்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வைத்தியலிங்கம் அவளைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பினார்.

ஒரு பிடி மண்ணை அவர் கையில் கொடுத்தேன். மூன்று தலைமுறை கேட்ட மண். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் இந்தக் கைக்கும் அந்தக் கைக்குமாக மாற்றிக்கொண்டிருந்தார்.

"நிலம் உங்களுது மாமா, சரி," என்றாள் மலர்க்கொடி. "பயிரு யாரோடது?"

அவர் என்னைப் பார்த்தார். "வாரண்ட்ல பயிரைப் பத்தி ஒண்ணும் இல்லீங்க," என்றேன்.

"நட்டது நான். களை எடுத்தது நான். இனிமேயும் நானே பாத்துக்கிறேன். குத்தகைக்குக் குடுங்க. வி.ஏ.ஓ. சாரு, அமீனா சாரு எல்லாம் இருக்காங்க, வாயால சொல்லிடுங்க."

"அப்பா, இப்ப எதுக்கு இதெல்லாம்?" என்றார் மூத்த மகன்.

ஜெயித்த சந்தோஷத்தில் கிழவருக்கு அது காதில் ஏறவில்லை. "கேட்டுட்டா. குடுத்துட்டேன் போ," என்றார், ஊர் முன்னால் பெரிய மனுஷனாக. பிளாட்காரர் மட்டும் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். குத்தகைதாரர் இருக்கிற நிலத்தை இந்தப் பக்கத்தில் எவரும் லேசில் வாங்க மாட்டார்கள். அது அவருக்குத் தெரிந்திருந்தது. மலர்க்கொடிக்கும்.

5. பெஞ்ச்

ஓய்வு பெற்ற பிறகு வருமானச் சான்றிதழ் விஷயமாகத் தாலுகா ஆபீஸ் போயிருந்தேன். வராந்தா பெஞ்சில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் டிபன் கேரியர்.

"குத்தகைதாரரா என் பேரைப் பதியணும்னு மனு போட்டிருக்கேன் சார்," என்றாள். "மாமா இருக்கிற வரைக்கும் கவலை இல்ல. அப்புறம் மூத்தவரு வித்துடுவாரு. அப்பா காலு பட்ட மண்ணு."

"நான் ஆட்சேபணை போட்டிருக்கேன்," என்றார் வைத்தியலிங்கம். தமுக்கு அடித்த அன்றைக்குப் பிறகு அவர் சாப்பாடு குறைத்துப் படுத்தே கிடந்ததாகக் கேள்விப்பட்டிருந்தேன். இப்போது முகத்தில் ரத்தம் ஊறியிருந்தது. காலையிலேயே சவரம் செய்திருந்தார்.

தீர்ப்பு வந்தால் வழக்கு முடிந்துவிடும் என்று நம்பித்தான் நான் வேலைக்குச் சேர்ந்தேன். புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல முடிந்தது இவ்வளவுதான்: நிலத்தை ஒப்படையுங்கள், ரசீதில் கையெழுத்து வாங்குங்கள், திரும்பி வந்துவிடுங்கள். முடிந்ததா என்று கேட்காதீர்கள்.

உள்ளே பெயர் கூப்பிட்டார்கள். மலர்க்கொடி அவர் கையைப் பிடித்து எழுப்பிவிட்டாள். இரண்டு பேருடைய காகிதமும் அவள் பையில்தான் இருந்தது. அவள் அதைத் துழாவும்போது கிழவர் என் பக்கம் சாய்ந்து மெல்லக் கேட்டார்:

"இதுல தோத்தா, அப்பீல் உண்டுல்ல?"

"உண்டுங்க ஐயா."

நிம்மதியாக உள்ளே போனார்.