கால்வாய்க்கரை விலாசம்

அந்தக் காவல் நிலையத்தைப் பன்னிரண்டு வருஷமாகப் பெருக்கித் துடைத்தவள் அவள். போலீஸ்காரர்கள் எல்லோருக்கும் அக்கா. துடைப்பத்தோடு குனிந்து நிற்கிறவளை யார் ஆளாக மதிக்கிறார்கள்? எல்லாப் பேச்சும் அவள் காதில் விழும். மாடிக் குடியிருப்பிலிருந்து ஒரு பெண் அழுதுகொண்டு வந்தால் நாற்காலி வரும், தண்ணீர் வரும், கால் மணி நேரத்தில் ஜீப் கிளம்பும். கால்வாய்க்கரையிலிருந்து வந்தால் புகார் எழுதும் ரைட்டர் பேனாவை மூடிவிடுவார். "அங்க விளக்கே எரியாதுன்னு தெரியும்ல? ஏன் அந்தப் பக்கம் போன?" அந்தப் பக்கம்தான் அவர்கள் வீடு என்பது அவருக்கு ஒருநாளும் உறைத்ததில்லை.

அவளும் கால்வாய்க்கரைக்காரிதான்.

ஒருநாள் பொழுது சாயும் நேரம். பொத்தான் கம்பெனியில் வேலை பார்க்கும் தங்கை மகள், இருபத்திரண்டு வயதுக்காரி, கிழிந்த உடுப்போடு வாசலில் வந்து நின்றாள். பாலத்தடியில் ஒருவன் அவளைச் சீரழித்திருந்தான்.

"குளிச்சிடாதடி. அப்படியே வா."

வழியில் சொல்லிக்கொடுத்தாள். "விலாசம் கேட்டா, நான் பாத்திரம் தேய்க்கிற மாடி வீட்டு நம்பரைச் சொல்லு. அங்கயே தங்கி வேலை பாக்கிறேன்னு சொல்லு."

"பொய் சொல்லணுமா பெரியம்மா?"

"மத்ததெல்லாம் உண்மைதானே. நான் உள்ள வரல. என்னைப் பாத்தா தெரிஞ்சிடும்."

நாற்காலி வந்தது. ஜீப்பிலேயே ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப் போனார்கள். எதிர்ச் சுவரோரம் நின்று பார்த்தவளுக்குத் தன் சாமர்த்தியத்தில் கொஞ்சம் பெருமைகூட.

எட்டாம் நாள் ஒரு கான்ஸ்டபிள் கையெழுத்து வாங்க அந்த மாடி வீட்டுக்குப் போனார். "அப்படி யாரும் இங்க இல்லையே" என்று வீட்டுக்காரம்மா கதவைச் சாத்திவிட்டாள்.

மறுநாள் நிலையத்தை அவள் கூட்டிக்கொண்டிருக்கும்போதே ரைட்டர் இன்ஸ்பெக்டரிடம் சொன்னார். "விலாசமே பொய் சார். விசாரிச்சா கரைக்காரி. மத்தது மட்டும் நிஜமாவா இருக்கும்?"

அவள் நிமிர்ந்தாள். "அவ என் தங்கச்சி பொண்ணு சார். விலாசம் நான் சொல்லிக்குடுத்தது. நிஜ விலாசம் சொல்லியிருந்தா எழுதியிருப்பீங்களா?"

இன்ஸ்பெக்டர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "இத முதல்லயே சொல்லியிருக்கணும்க்கா."

பொய்ப் புகார் என்று எழுதி ஃபைலைக் கட்டினார்கள். டாக்டர் கொடுத்த அறிக்கையும் அதற்குள்ளேயே கிடந்தது. அவளுக்கு இரண்டு வேலையும் போயிற்று.

இப்போது தினமும் சாயங்காலம் கம்பெனி வாசலில் நின்று அவளே பெண்ணைக் கூட்டி வருகிறாள். பாலத்துச் சுவரில் அவன் உட்கார்ந்திருப்பான். அவர்கள் கடக்கும்போது நீட்டிய காலை மடக்கக்கூட மாட்டான்.