கஜிதானி இறந்திருந்த நான்கு நாட்கள்

மாட்சுவே வனத்துறை அலுவலகத்தில் முப்பத்தேழு ஆண்டுகள் மரங்களின் சுற்றளவை அளந்து எழுதியவர் நிஷிகோரி ததாவோ. ஓய்வு பெற்றபின் அளக்க மரம் இல்லாமல் மனிதர்களை எழுதத் தொடங்கினார். 1966இல் அவரோடு வனவியல் படித்து முடித்தவர்கள் முப்பத்தொரு பேர். அவரையும் சேர்த்து மிஞ்சியவர்கள் பன்னிரண்டு. யாருக்கு எந்த முழங்கால் வலி, யார் பேத்திக்கு எந்த ஊரில் வேலை, எல்லாம் அவர் நோட்டில் தேதியோடு இருக்கும். ஆண்டுக்கு இரண்டு முறை அதைச் சுருக்கி நான்கு பக்கக் கடிதமாக எல்லோருக்கும் அனுப்புவார். இருபத்திரண்டு ஆண்டுகளில் ஒரு தேதி தவறியதில்லை.

அவர்கள் நாட்டில் அந்த ஆண்டு சாவு விழுந்த வீட்டார் புத்தாண்டு வாழ்த்து அனுப்புவதில்லை. நவம்பர் கடைசியில் சாம்பல் நிறக் கரையிட்ட அட்டை போட்டு அதைச் சொல்லிவிடுவார்கள். அப்படி ஓர் அட்டை கஜிதானி வீட்டிலிருந்து வந்தது. ‘செப்டம்பரில் எங்கள் வீட்டில் இழப்பு நேர்ந்தது, வாழ்த்துகளைத் தவிர்க்கிறோம்.’ யார் என்று இல்லை. கீழே மனைவி ஃபுமியோவின் பெயர் மட்டும். அந்த வீட்டில் இருப்பதே இரண்டு பேர். தொலைபேசி எண்ணைச் சுழற்றினால் இணைப்பே இல்லை. துக்க வீட்டுக்குப் போய், செத்தது யார் என்று கேட்க முடியுமா? நிஷிகோரி இரவெல்லாம் யோசித்து கஜிதானிக்கு ஒரு பக்கம் இரங்கல் எழுதி, குளிர்காலக் கடிதத்தோடு எல்லோருக்கும் அனுப்பினார்.

நான்காம் நாள் காலை தொலைபேசி மணி அடித்தது.

“டேய் நிஷிகோரி, நான் நல்லாப் பாடுவேன்னு எழுதியிருக்கே. உயிரோட இருக்கறப்ப ஒரு தடவ சொன்னியாடா?”

“யாரு... யாரு பேசறது?”

“செத்தவன்தான். என் புது செல்போன்ல பேசறேன்.”

“அப்ப அந்த அட்டை?”

“என் மாமியாருடா. நூத்திமூணு வயசு, முதியோர் இல்லத்துல இருந்தாங்க. எனக்குக் கை நடுங்குது, அதான் இவ எழுதினா.”

எண்பத்திரண்டு வயதுக்காரனுக்கு மாமியார் இருப்பாள் என்று யாருக்குத் தோன்றும்? நிஷிகோரி தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“மன்னிச்சுடுடா. ஓனோடா வேற ஊதுபத்தியோட கெளம்பிட்டான். அவன்கிட்ட செல்போனும் கிடையாது. இங்க ஸ்டேஷன்ல நான் அவனப் பாக்கறதா இருக்கு, அங்கயே சொல்லித் திருப்பி அனுப்பிடறேன்.”



“ஓனோடாவா? இங்கயா?”

ஓனோடாவும் கஜிதானியும் ஒரே அறையில் நான்கு ஆண்டு தங்கிப் படித்தவர்கள். பதினொரு ஆண்டுகளுக்கு முன் ஒரு வெந்நீர் ஊற்று விடுதியில், வகுப்புச் சந்திப்பன்று சண்டை போட்டுப் பிரிந்தவர்கள். அதன்பின் ஒருவர் நலத்தை ஒருவர் நிஷிகோரியின் கடிதத்தில்தான் படித்து வந்தார்கள்.

“சொல்லாதடா,” என்றார் கஜிதானி. “சொன்னா அடுத்த ரயிலப் புடிச்சுப் போயிடுவான். அப்புறம் நான் நெசமாவே செத்தாத்தான் வருவான்.”

ஏரிக்கரை ரயில் பனிக்குள் ஊர்ந்தது. நீர் எது, வானம் எது என்று தெரியவில்லை. சிப்பி அள்ளும் படகுகள் எதன்மேலும் இல்லாமல் மிதந்தன. நிஷிகோரிக்கு எதிரே கறுப்புக் கோட்டில் ஓனோடா, மடியில் வெள்ளைச் சாமந்தி.

“கஷ்டப்பட்டானா?”

“தெரியல.”

“என்னப் பத்தி ஏதாவது சொன்னானா?”

“சொன்னான். நீ வரணும்னு.”

அது பொய்யில்லை. ஆனாலும் நிஷிகோரி சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். செத்தவனைப் பார்க்கப் போகிறோமா, இருவருமே செத்துப்போய் இந்த ரயிலில் போகிறோமா என்று ஒரு கணம் குழம்பியது.

கதவைத் திறந்தது கம்பளி உடுப்புப் போட்ட கஜிதானி. பழக்க தோஷத்தில் ஓனோடா குனிந்து வணங்கினார். நிமிர்ந்தவர் நிமிர்ந்தபடியே நின்றார்.

“உள்ள வாடா, குளிருது.”

ஓனோடாவின் காது சிவந்தது. நிஷிகோரியிடம் திரும்பி, “உன் நோட்டுல தப்பா?” என்றார்.

“தப்புத்தான்.”

ஓனோடா தெருவைப் பார்த்து ஓரடி வைத்தார். அதற்குள் ஒன்றும் அறியாத ஃபுமியோ கதவருகே ஓடி வந்து தரையில் கைவைத்து வணங்கினாள்.

“எங்கம்மாவுக்காக இவ்ளோ தூரம் வந்தீங்களா சார்! அம்மா குடுத்துவெச்சவங்க.”

ஊதுபத்தியோடு வந்தவன் அதன்பின் எப்படித் திரும்புவது? ஓனோடா செருப்பைக் கழற்றினார். முன்பின் பார்த்திராத கிழவியின் படத்துக்கு முன் மண்டியிட்டு, பத்தி கொளுத்தி, வெகுநேரம் கைகூப்பியிருந்தார். எழுந்தபோது கண்ணோரம் நனைந்திருந்தது.

“மூணு நாளாச் சோறு எறங்கலடா, கழுத.”

“நீ வந்தா நான் எத்தன தடவ வேணும்னாலும் சாவேன்.”

“இன்னொரு தடவ செத்துப் பாரு, வரவே மாட்டேன்.”

நிஷிகோரி எழுந்தார். “மத்த ஒம்பது பேரும் அழுதுக்கிட்டிருப்பாங்க. நான் போய் எழுதணும். அதோட இந்தக் கடுதாசி எழுதற பொறுப்பையும் விட்டுடறேன்.”

“உக்காருடா,” என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

ஃபுமியோ ஒன்பது அஞ்சலட்டைகளை எடுத்து வைத்தாள். கஜிதானி பேனாவை எடுத்தார். முதல் எழுத்தே அட்டைக்கு வெளியே போனது. ஓனோடா பேனாவைப் பிடுங்கிக்கொண்டார்.

“நீ சொல்லு, நான் எழுதறேன். கதையளக்காம சொல்லு.”

கஜிதானி சொல்லத் தொடங்கினார். வெளியே பனிக்குள் ரயில் ஒன்று ஊதிக்கொண்டு போனது. ஓனோடா தலைநிமிரவில்லை.