குரங்குக்காரனைக் கூப்பிட்டது யார்?

சுந்தரேஸ்வரிக்கு எதற்காவது பயம் உண்டு என்று சொன்னால் மேற்கு ஜெர்மனியில் ஐஃபல் மலைப்பக்கத்து அந்தச் சிற்றூரில் யாரும் நம்பமாட்டார்கள். 1985இல் கிழக்கு பெர்லினில் இறங்கி, ரயிலேறி மேற்கே வந்து, தன்னந்தனியாக அகதி மனுக் கொடுத்தவள். பழைய விடுதியொன்றின் மாடியில் அறை கொடுத்தார்கள். வந்த மூன்றாம் மாதமே, நேற்றைய பாணை இன்றைய பாண் என்று விற்கலாமா என்று பேக்கரிக்காரியோடு அரைகுறை ஜெர்மனில் சண்டை பிடித்தாள். பிறகு அந்த ஊரில் அவளுக்கு முதல் சிநேகிதியானதும் அதே பேக்கரிக்காரிதான்.

யாழ்ப்பாணத்துச் சாவகச்சேரியில் ஒரு நொத்தாரிசிடம் பதினேழு வருஷம் காணி உறுதிப் பத்திரங்கள் தட்டச்சடித்தவள் அவள். எந்தத் துண்டு யாருடையது, எந்த எல்லையில் யாருடைய பனை நிற்கிறது என்று அரைத் தென்மராட்சியும் அவள் விரல் வழியாகப் போயிருக்கிறது. கணவன் நடேசன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டான். பிள்ளைகள் இல்லை. அவளுக்கென்று இருந்தது கைதடியில் தாய் சீதனமாகக் கொடுத்த கல்வீடு, ஒரு கிணறு, பதினொரு தென்னை. வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்தாள். திறப்பு கைப்பையில் கிடந்தது.

1986 புரட்டாசியில் தமையன் மகேந்திரராஜாவிடமிருந்து கடிதம் வந்தது. வீடு கேட்பாரற்றுக் கிடக்கிறதாம். வாங்குவதற்கு ஆள் பார்த்துவிட்டாராம். அவளுக்குப் பதிலாக அவரே விற்கலாம் என்று அவர் பெயருக்கு அற்றோர்னித் தத்துவம் எழுதி, ஜெர்மன் நொத்தாரிசு முன்னால் கையெழுத்து வைத்து அனுப்பினால் மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்வாராம். அவளைச் சீண்டுவதற்கென்றே கடைசிப் பத்தியை எழுதியிருந்தார் மனுஷன்: பக்கத்து வளவுப் பாலாம்பிகை ஆள் வைத்து உன் தேங்காயெல்லாம் பிடுங்குகிறாள், கேட்க நாதியில்லை.

பாலாம்பிகை வேறு யாருமல்ல, சின்னம்மாவின் மகள். வேலியை ஒரு முழம் தள்ளிப் போட்டாள் என்ற வழக்கில் இருவருக்கும் நாலு வருஷமாய்ப் பேச்சில்லை. இப்போது தேங்காயுமா! சுந்தரேஸ்வரிக்குக் கோபம் உச்சியில் ஏறிவிட்டது. அவளிடம் பறிகொடுப்பதைவிட விற்றுத் தொலைப்பது மேல் என்று அன்றைக்கே பக்கத்துப் பட்டணத்து நொத்தாரிசிடம் வியாழக்கிழமைக்கு நேரம், அவர்கள் சொல்கிற டெர்மின், வாங்கிவிட்டாள். அந்தக் கையெழுத்து விழுந்தால் கைதடியில் அவளுக்கு ஒரு பிடி மண்ணும் மிஞ்சாது. அது தெரிந்துதான் வாங்கினாள்.

அதற்கு முந்தின திங்களன்று பான் நகரத்துக்குப் போக வேண்டியிருந்தது. அங்கே வத்சலா என்ற சென்னைக்காரி, முப்பத்தைந்து வயது, பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். அகதி விசாரணை ஒன்றில் மொழிபெயர்க்க வந்தபோது பழக்கமானவள். சுமத்ராத் தீவின் மலைக் கிராமம் ஒன்றில் ஒன்றரை வருஷம் தங்கி, அங்குள்ளவர்களின் வீடு வாசல், வயல் வரப்பு, போக்குவரத்து எல்லாவற்றையும் எழுதி வந்திருந்தாள். ஆங்கில ஆய்வேட்டைத் தட்டச்சடித்துக் கொடுப்பது சுந்தரேஸ்வரி. வேலை செய்ய அவளுக்கு அனுமதி கிடையாது, ஆகையால் அது வேலை இல்லை, சிநேகிதம். மத்தியானச் சோறும் ரசமும் வத்சலாவின் பொறுப்பு.

பானுக்குப் போவதென்றால் மாவட்ட எல்லையைத் தாண்ட வேண்டும். மனு முடியாத அகதிகள் அதற்கு ஒவ்வொரு தடவையும் அலுவலகத்தில் ஓர் அனுமதித் துண்டு வாங்க வேண்டும். பாதி உலகத்தைத் தாண்டி வந்தவளுக்கு நாற்பது கிலோமீட்டர் தாண்டத் துண்டு! சுந்தரேஸ்வரி அதற்கெல்லாம் முகம் சுருங்குகிறவள் அல்ல. வரிசையில் நிமிர்ந்து நின்று, துண்டை வாங்கி, முத்திரை தெளிவாக விழுந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் நகருவாள். முத்திரை விஷயத்தில் அவளை ஏமாற்ற முடியாது.

அன்று அடிக்க வேண்டியது கடைசி அட்டவணை. கிராமத்தின் நாற்பத்திரண்டு வீடுகளும் வரிசையாக. அந்த ஊரில் வீடும் வயலும் பெண்வழிச் சொத்து, தாயிடமிருந்து மகளுக்கு. ஆண்கள் ஊர்விட்டு ஊர் போய்ப் பிழைப்பார்கள். சில குடும்பங்கள் பெண்டு பிள்ளைகளோடு ஜகார்த்தாவுக்கே போய்விட்டன. அப்படிப் பூட்டிக் கிடந்த ஏழு வீடுகளுக்கு நேரே வத்சலா எழுதியிருந்தது: கைவிடப்பட்டவை, உரிமையாளர் இல்லை.

சுந்தரேஸ்வரியின் விரல் நின்றுவிட்டது.

"ஏலாது, வத்சலா. இதை நான் அடிக்கமாட்டன்."

வெள்ளிக்கிழமை ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும் என்று வத்சலா கெஞ்சினாள். தானே வீடு வீடாகப் போய்ப் பார்த்ததாகவும், எல்லாம் பூட்டுத் தொங்கிய வீடுகள் என்றும் சொன்னாள். அதெல்லாம் சரி, அந்த வளவுகளில் தென்னை நின்றதா என்று கேட்டாள் சுந்தரேஸ்வரி. நின்றது என்றாள் வத்சலா. அந்த ஊரில் தேங்காய் பிடுங்க மரமேறுகிற ஆள் கிடையாது. பழக்கின குரங்கைக் கயிற்றில் கட்டிக் கூட்டி வருகிற குரங்குக்காரன்தான். இதை நாலாம் அத்தியாயத்தில் அடித்ததே அவள்தானே.

"அந்த ஏழு வளவுக்கும் குரங்குக்காரனைக் கூப்பிட்டது ஆர்?"

வத்சலாவுக்குப் பொறுமை போய்விட்டது. மூன்று நாளாய்த் தூக்கமில்லாதவள். "அக்கா, ரிசர்ச் என்னோடது. நீங்க டைப் மட்டும் பண்ணினா போதும்."

சுருக்கென்றது. சுந்தரேஸ்வரி எழுந்து, குளிர்மேலங்கியை மாட்டி, பொத்தான் ஐந்தையும் பூட்டி, கைப்பையை எடுத்துக்கொண்டாள். ரோஷமாய் வெளியேறியிருப்பாள், ஆனால் அடுத்த பஸ்ஸுக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. வெளியே மழை வேறு. ஆகவே மேலங்கியோடே நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து வத்சலா தேநீர் கொண்டு வந்தாள். கூடவே களக் குறிப்பேடுகளையும் கொண்டு வந்தாள், பதினொன்று. மன்னிப்பு என்று வாயால் ஒன்றும் கேட்கவில்லை. பத்தொன்பதாம் வீட்டைத் தேடிப் பிடித்து உரக்க வாசித்தாள்: குரங்குக்காரன் வந்தான், அறுபது காய், கூப்பிட்டது வீட்டுக்காரியின் சின்னம்மா மகள். ஒரு பக்கம் தள்ளி, அவளே முற்றத்தில் கறுவாப்பட்டை காய வைத்தாள் என்று இருந்தது. இருபத்தாறாம் வீட்டுக்குத் தங்கை. முப்பத்தொன்றுக்குப் பெரியம்மா, தள்ளாத வயதிலும் தினம் முற்றம் கூட்டுகிறாள் என்று வத்சலாவே தன் கையால் எழுதி வைத்திருந்தாள். ஏழு வீட்டுக்கும் ஆள் இருந்தது. எல்லாம் பெண்வழிச் சொந்தம். கதவில் தொங்கிய பூட்டைப் பார்த்தவள் முற்றத்தைக் கணக்கில் எடுக்கத் தவறிவிட்டாள், அவ்வளவுதான்.

"யாருமே விட்டுட்டுப் போகலைக்கா. பயணம் போயிருக்காங்க" என்றாள் வத்சலா மெதுவாக. "இப்படியே கொடுத்திருந்தேன்னா மானம் போயிருக்கும்."

 சுந்தரேஸ்வரிக்கு வென்ற சந்தோஷமே வரவில்லை. மனசு கைதடிக்குப் போய்விட்டது. கைப்பையிலிருந்து தமையனின் கடிதத்தை எடுத்தாள். கேட்பாரற்றுக் கிடக்கிறது என்று மேலே எழுதிய அதே கை, பாலாம்பிகை ஆள் வைத்துத் தேங்காய் பிடுங்குகிறாள் என்று கீழே எழுதியிருக்கிறது. தேங்காய்க்கு ஆள் கூப்பிடுகிறவள் அதற்கு முதல் மண்டின புதர்ப் பற்றையை வெட்டியிருப்பாள். ஓலையைப் பொறுக்கி அடுக்கியிருப்பாள். விழுந்த குரும்பட்டியைக் கூட்டி அள்ளியிருப்பாள். பதினேழு வருஷம் ஊர்க்காணி எல்லாம் எல்லை பிசகாமல் தட்டச்சடித்தவளுக்குத் தன் முற்றம் தெரியாமல் போய்விட்டதே! வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. மேலங்கியின் கையால் துடைத்துவிட்டு, பொத்தான்களைக் கழற்றினாள்.

முதலில் வத்சலாவின் அட்டவணையைத் திருத்தி அடித்து முடித்தாள். ஏழு வீட்டுக்கு நேரேயும் சொந்தக்காரி பெயர், பயணத்தில், முற்றம் கூட்டுபவர், குரங்குக்காரனைக் கூப்பிடுபவர் என்று சுத்தமாக வந்தது. பிறகு இரண்டு வெள்ளைத் தாளுக்கு நடுவே கார்பன் வைத்து மெஷினில் செருகினாள். தமிழ் எழுத்து இல்லாத மெஷின். பரவாயில்லை, தமையனுக்கு ஆங்கிலம் தெரியும், பாலாம்பிகையும் படித்தவள்தான். அதே கட்டங்களைப் போட்டு அடித்தாள்:

வீடு நாற்பத்து மூன்று, கைதடி. சொந்தக்காரி சுந்தரேஸ்வரி. பயணத்தில். முற்றம் கூட்டுபவர் பாலாம்பிகை. தேங்காய்க்கு ஆள் கூப்பிடுபவர் பாலாம்பிகை.

கீழே கையெழுத்து வைத்தாள். ஒன்று தமையனுக்கு. கார்பன் பிரதி பாலாம்பிகைக்கு, அதோடு திறப்பையும் ஒரு துணியில் சுற்றி வைத்தாள். செவ்வாய்க்கிழமை நொத்தாரிசு அலுவலகத்துக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு, டெர்மின் வேண்டாம், விற்பதற்கு என்னிடம் வீடில்லை, இருப்பதற்குத்தான் இருக்கிறது என்று தன் ஜெர்மனில் சொன்னாள். அந்தப் பெண்ணுக்கு எவ்வளவு விளங்கியதோ, டெர்மினை வெட்டிவிட்டாள்.

மகேந்திரராஜா கோபத்தில் மூன்று பக்கம் எழுதினார். அதை அவள் ஒரு தரம் வாசித்தாள். பாலாம்பிகையின் பதில் வரத் தை மாதமாகிவிட்டது. பள்ளிக் கொப்பியில் கிழித்த தாள், நாலு வருஷத்துக்குப் பிறகு முதல் பேச்சு. விடுதி வாசலில் பனிக்குள் நின்றபடியே பிரித்தாள்.

"பூட்டுக்கு எண்ணெய் விட்டனான். சுகமாய்த் திறக்குது. முற்றம் நான் எப்பவும் கூட்டுறதுதான், நீ தாள் அனுப்பித்தான் எனக்குத் தெரிய வேணுமெண்டில்லை. வேலிக் கதையை நீ வந்தாப்பிறகு கதைப்பம். நான் விட்டுத்தர மாட்டன்."

சுந்தரேஸ்வரி அங்கேயே நின்று வாய்விட்டுச் சிரித்தாள். தானும் அந்த ஒரு முழத்தை விட்டுத்தருவதாக இல்லை.