காமாட்சி இரண்டு தடவை

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். இருந்தாலும் நான் எழுதியதை ரேடியோவில் வாசித்திருக்கிறார்கள், அதுவும் எங்கள் ரப்பர் தோட்டமே கேட்க. இப்போது நான் இருக்கும் குருபோங் ஊர் வீட்டில் பேத்தி போனைத் தட்டினால் கேட்ட பாட்டு வந்துவிடுகிறது. அப்போது ஒரு பாட்டுக்குப் போஸ்ட்கார்டு போட்டுவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பாட்டுகூட அப்புறம்தான். பாட்டுக்கு முன்னால் விரும்பிக் கேட்டவர்களின் பெயர்களை வாசிப்பார்களே, அதற்குத்தான் அத்தனை தவிப்பு.

அப்போது புக்கிட் ரம்பாய் ஊர்ப் பக்கம் தோட்டத்தில் இருந்தோம். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எழுதத் தெரிந்த பெண்பிள்ளை நான் ஒருத்திதான். அப்பா கார்டு வாங்கி வந்தார். அப்பாவின் அக்கா, எங்களோடேயே இருந்த அத்தை, என் பக்கத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"மொதல்ல என் பேர எழுதுடி. வீட்டுக்குப் பெரியவ நாந்தானே!"

காமாட்சி என்று எழுதினேன். பிறகு அப்பா, அண்ணன்கள், நான், தம்பி. அத்தை எழுந்து போனபோது ஒரு வரி மீதம் இருந்தது.

"அம்மா, உன் பேரு செல்லம்தானே? எழுதட்டா?"

பானை கழுவிக்கொண்டிருந்த அம்மா வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "செல்லம் இங்க வந்தப்புறம் வச்ச பேருடி. என் பேரும் காமாட்சிதான்."

கல்யாணமாகி வந்த அன்றே அத்தை மாற்றிவிட்டாராம். தன் பெயரைச் சொல்லித் தம்பி பெண்டாட்டியை எப்படித் திட்டுவது என்பது அத்தையின் நியாயம்.

"அப்ப காமாட்சின்னே எழுதுறேன்."

"வேணாம்லா, அத்த கத்தும்."

எழுதிவிட்டேன். கடைசிப் பெயராக, மற்றவற்றைவிடக் கொஞ்சம் பெரிதாக.

அந்த நிகழ்ச்சி ஞாயிறுதோறும் வரும்; நாலைந்து ஞாயிற்றுக்கிழமைகள் எங்கள் பெயர்கள் வராமல் ஏமாந்தோம். அடுத்த ஞாயிறு பேட்டரி செத்துக்கிடந்தது. அப்பா அதைக் கழற்றி வெயிலில் தகரத்தின்மேல் காயப்போட்டார். வெயில் பட்டால் பேட்டரிக்கு உயிர் வரும் என்பது எங்கள் தோட்டத்து நம்பிக்கை. பாதி நாள் வரவும் செய்யும். சூடு ஆறுவதற்குள் திரும்பப் போட்டோம். பக்கத்து வீட்டுச் சனங்கள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள்.

வந்தது! எங்கள் தோட்டத்தின் பெயரைச் சொன்னதுமே தம்பி குதித்தான். "காமாட்சி" என்றதும் அத்தை கையைத் தட்டினார். அப்பா, அண்ணன்கள். என் பெயர் வந்தபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அதற்குள் ரேடியோக்காரரின் குரல் கிணற்றுக்குள் இறங்குவதுபோல் இறங்கியது. இன்னும் இரண்டு பெயர் இருக்கிறதே!

"அப்பா, போவுது, போவுது!"

அப்பா ரேடியோவின் முதுகில் ஓர் அறை விட்டார். தம்பி பெயர் பாதிதான் கேட்டது. இன்னோர் அறை. குரல் துள்ளி எழுந்து, "காமாட்சி" என்றது, மணி அடித்த மாதிரி.

"இந்தா வரேன்" என்றார் அம்மா, அடுப்படியிலிருந்து.

யாரும் அதைக் கவனிக்கவில்லை. "ரெண்டு தடவ! என் பேர ரெண்டு தடவ சொல்லிட்டான்!" என்று அத்தை அதற்குள் தெருவில் இறங்கிவிட்டார். வீடு வீடாக நின்று சொல்லப் போகிறார் என்று தெரிந்தது. எனக்குக் கோபம் பொங்கியது. "அது உங்க பேரு இல்ல அத்த..." என்று பின்னாலேயே ஓடினேன். அம்மா என் சடையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டார்.

"விடுடி. அவங்க சந்தோசமா இருந்துட்டுப் போகட்டும்."

"அது உன் பேரும்மா! நான்தான் எழுதுனேன்!"

"எனக்குத் தெரியும்லா. ரேடியோக்காரரு எப்படிச் சொன்னாரு? சொல்லு."

தொண்டையைக் கனைத்து, குரலைத் தடியாக்கி, "காமாட்சி" என்றேன். அம்மா சிரித்தார்.

"இன்னொருவாட்டி சொல்லு."

அச்சு அசல் ரேடியோக்காரர் மாதிரியே பேசுகிறேன், அதனால்தான் கேட்கிறார் என்று எனக்கு ஒரே பெருமை. அத்தை திரும்பி வரும்வரை அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார், நானும் சலிக்காமல் சொல்லிக்கொண்டே இருந்தேன்.