ஐந்தாவது ஜன்னல்

அமெரிக்காவின் ஆரிகன் கடற்கரையில் அக்டோபர் வந்துவிட்டால் மழைக்கு வேறு வேலையே கிடையாது. அந்த மழைக்கு அவர் இருக்கும் இடம் ஒழுகாமல் இருந்தால் போதும் என்பதுதான் கார்லின் தன் அப்பாவுக்குப் போட்ட ஒரே நிபந்தனை.

அப்பா வெண்டல் கிம்ப்ரோவுக்கு எழுபத்தொன்பது வயது. மர ஆலைத் தூசி நுரையீரலில் பாதியைத் தின்றுவிட்டது. மகள் வீட்டு முற்றத்தில் நிற்கும், 1961இல் செய்த அலுமினிய ட்ரெய்லர்தான் அவருக்கு வீடு. காருக்குப் பின்னால் மாட்டி ஊர் ஊராக இழுத்துப் போனது, இப்போது அசைவதில்லை. போன குளிர்காலத்தில் ஜன்னல்கள் ஒழுகிச் சுவரில் பூஞ்சை ஏறியது. மனிதர் இரண்டு முறை ஆஸ்பத்திரியில் படுத்தார்.

"ஜன்னலைச் சரி பண்ணிட்டு இங்கேயே இருங்கப்பா. இல்லேன்னா முதியோர் இல்லம்தான். என்னால இன்னொரு தடவை ஆம்புலன்ஸ் பின்னால ஓட முடியாது," என்றாள் கார்லின்.

கோடை முழுக்க அதே வேலை. ஐந்து ஜன்னல்களின் வெளிச்சட்டங்களையும் கழற்றினார். எந்த மகானுபாவனோ அப்பிவைத்த சிலிக்கான் பசையைச் சுரண்டினார். வெளுத்த அலுமினியத்தைத் தேய்த்து முகம் பார்க்கும்படி செய்தார். பிறகு சட்டத்தைச் சுற்றிப் புது ரப்பர் பட்டையைப் பொருத்தினார். அங்கேதான் கோட்டை விட்டார்.

ரப்பரை இழுத்துப் பொருத்தக் கூடாது. அங்குலம் அங்குலமாகக் கட்டைவிரலால் தள்ள வேண்டும். இழுத்தால் வெயிலில் சுருங்கி மூலையில் வாய் பிளக்கும். பழைய ட்ரெய்லர்க்காரர்கள் கூடும் முகாம்களில் இதைச் சொல்லியே எல்லார் உயிரையும் வாங்கியவர் வெண்டல்தான். "என்னய்யா, பைஜாமாவுக்கு நாடா கோக்குறியா? தள்ளுய்யா," என்பார்.

நான்கு ஜன்னல்களுக்குத் தள்ளினார். ஐந்தாவது, படுக்கைக்கு மேலே இருப்பது. மூட்டுவலியில் கட்டைவிரல்கள் மடங்கவே மறுத்தன. கொஞ்சம்தானே என்று இழுத்துவிட்டார். செப்டம்பர் வெயில் கணக்கைத் தீர்த்தது. கீழ் மூலையில் நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி. மகளைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் கை போய்விட்டது என்று ஒப்புக்கொண்டதாகிவிடுமே. அந்த வறட்டுக் கௌரவத்தில் மேலே கொஞ்சம் பசையைத் தடவி மறைத்தார்.

சனிக்கிழமை காலை சோதனை. ஒருவர் வெளியே நின்று ஹோஸ் பைப்பால் தண்ணீர் அடிக்க, ஒருவர் உள்ளேயிருந்து பார்த்துச் சொல்ல வேண்டும். "நான் உள்ளே போறேன். உங்க கண்ணை நம்ப முடியாது," என்றாள் கார்லின். வெண்டல் பைப்பைப் பிடித்தார். நான்கு ஜன்னல்களும் தேறின. ஐந்தாவதில் கண்ணாடியின் நடுவில் மட்டும் அடித்தார். தன் கை இப்படியும் செய்யும் என்று அவருக்கே தெரியாது, வெட்கமாக இருந்தது.

"மூலையில அடிங்கப்பா."

அடித்தார். பசை உரிந்து தண்ணீரோடு போனது.

உள்ளேயிருந்து சத்தமே இல்லை. கார்லின் ஏழு வயதில் இதே வேலை செய்தபோது ஒரு சொட்டு விழுந்தாலும் ஊரைக் கூட்டுவாள். வெண்டல் பைப்பைத் திருப்பாமல் அப்படியே நின்றார்.

"காய்ஞ்சுதான் இருக்கு," என்றாள் கடைசியில். குரல் அவளுடையது போலவே இல்லை.

அவர் குழாயை மூடிவிட்டு மெல்ல உள்ளே போனார். கார்லின் படுக்கையில் மண்டியிட்டு, ஜன்னலுக்குக் கீழே சுவரை மறைத்துச் சாய்ந்திருந்தாள். சட்டையின் தோளிலிருந்து நீர் சொட்டியது.

"நனைஞ்சுட்டியேம்மா," என்றார்.

"ஒண்ணுமில்லப்பா. துடைச்சா சரியாப் போயிடும்."

"அந்த இல்லத்துக்கு போன் பண்ணு. திங்கட்கிழமை வந்துடறேன்னு சொல்லு."

வேண்டாம் என்பாள் என்று நினைத்தார். அந்த ஒரு வார்த்தைக்காகக் கதவைப் பிடித்தபடி காத்து நின்றார். கார்லின் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பையிலிருந்து போனை எடுத்தாள்.